விளக்கீடும் தீபமும்

செங்கம் சாலையிலிருந்து உள்ளே போகும் தெருவில் எங்கள் வீடு. மாடியில் மூன்று அறை. ஐப்பசி பிறந்ததும் வாடகைக்கு ஆள் வந்துவிடும், மாசிக் கடைசியில் வெயில் ஏறினால் காலி. அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பாடப்புத்தகத்தில் இல்லாத வரலாற்றை எனக்கு நடத்தியது இந்த மாடிதான். வெள்ளைக்காரர் இந்த ஊரைத் தேடி வருவது இன்றைய புதுமை இல்லை. வேலூரில் போலீஸ் அதிகாரியாக இருந்த ஃப்ராங்க் ஹம்ஃப்ரீஸ், விரூபாட்சி குகையில் இருந்த ரமணரைப் பார்க்க மலையேறியது 1911இல். அப்போது ரமணர் திருவண்ணாமலைக்கு வந்தே பதினைந்து வருடம்தான் ஆகியிருந்தது.

2023இல் மாடி நிறைந்திருந்தது. ஒரு அறையில் அயர்லாந்து அம்மா, அடுத்ததில் அமெரிக்கர். மூன்றாவது அறைக்கு டொராண்டோவிலிருந்து ஒரு அக்கா வந்திருந்தார். பிறந்தது யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இருந்தும் முதல் நாளிலிருந்தே என்னை ‘ரீச்சர்’ என்றுதான் கூப்பிட்டார்.

அக்டோபர் 31 அன்று சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போனேன். அயர்லாந்து அம்மா ஒரு நூக்கலை வைத்துக்கொண்டு கரண்டியால் குடைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் அமெரிக்கர் பெரிய பறங்கிக்காய் ஒன்றுக்குக் கண்ணும் பல்லும் வெட்டிக்கொண்டிருந்தார். உள்ளே மெழுகுவர்த்தி வைக்கப் போகிறார்களாம். எது சரியான காய் என்று இருவருக்கும் வாக்குவாதம். எங்கள் பண்டிகையை எடுத்துப்போய்க் காயை மாற்றியவர்கள் நீங்கள் என்றார் அந்தம்மா. அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. அறுப்பு முடிந்து, மேய்ச்சலுக்குப் போன மாடுகளைக் கொட்டிலுக்குத் திருப்பி, குளிர்காலத்துக்குள் நுழையும் நாள் அயர்லாந்துக்காரருக்கு அது. ஹாலோவீனுக்குச் சாவைன் என்பது பழைய பெயர். செத்தவர்கள் நடமாடும் இரவு என்று நம்பி, டர்னிப் கிழங்கைக் குடைந்து முகம் வெட்டி விளக்கு வைத்தார்கள். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே பறங்கிக்காய் பெரிதாகக் கிடைத்தது, குடையவும் சுலபம். கிழங்கு போய்க் காய் வந்தது. இன்று டப்ளினிலும் பறங்கிக்காய்தானாம். பெயர்ந்து போன பண்டிகை உருமாறித் தாய்வீட்டுக்கே திரும்பி வந்து, அங்கிருந்ததை விரட்டிவிட்டது.

மறுநாள் காலையில் பூக்காரம்மா மாடிச் சுவரில் இருந்த பறங்கிக்காய் முகத்தைப் பார்த்துவிட்டு, “யாரு டீச்சர் வீடு கட்டறாங்க? திருஷ்டிப் பூசணி மாட்டியிருக்கீங்க?” என்றாள். சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டதிலும் தப்பில்லை. காய்க்கு முகம் வரைந்து கெட்டதை விரட்டுவது எங்கள் தெருவுக்குத் தெரியாத வேலையா என்ன?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாடியில் இருப்பவர்கள் ஊரின் இந்தப் பருவத்தை ‘இலையுதிர் காலம்’ என்று நாங்கள் பள்ளியில் சொல்லிக்கொடுத்தோம். நானும்தான் சொன்னேன். இங்கே இலை உதிர்வது மாசி, பங்குனியில். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழையில் எங்கள் மலை வருடத்திலேயே அதிகப் பசுமையாக நிற்கும். இந்த இரண்டு மாதத்துக்குத் தமிழில் கூதிர் என்று அழகான பெயர் இருக்கிறது. கார் முடிந்து, முன்பனிக்கு முன்னால், ஈரக்காற்று எலும்பைத் தொடும் காலம். அந்தச் சொல்லை விட்டுவிட்டு, இங்கில்லாத இலை உதிர்வதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்தோம்.

அந்த வருடம் கோயிலில் கார்த்திகை தீபத் திருவிழாவின் கொடியேற்றம் நவம்பர் 17. ஏழாம் நாள் மகா தேரோட்டம், அதாவது நவம்பர் 23, வியாழன். காலையில் அமெரிக்கர் முகம் வாடி உட்கார்ந்திருந்தார். கேட்டால், அன்று அவர்கள் ஊரில் நன்றி கூறும் நாள், குடும்பமே ஒரே மேசையில் கூடிச் சாப்பிடும் என்றார். 1621இல் பிளிமத் குடியேறிகள் தங்கள் முதல் அறுவடையை வாம்பனோவாக் மக்களோடு சேர்ந்து உண்டதை அதற்குத் தொடக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் அதை நாடு முழுவதற்குமான நாளாக 1863இல் அறிவித்தவர் லிங்கன், அதுவும் உள்நாட்டுப் போரின் நடுவில். 1939இல் ரூஸ்வெல்ட் கடைக்காரர்களுக்கு வியாபார நாள் கூடட்டும் என்று அதை ஒரு வாரம் முன்னால் தள்ளினார். சில மாநிலங்கள் பழைய நாளிலும் சில மாநிலங்கள் புதிய நாளிலும் கொண்டாடின. 1941இல் சட்டம் போட்டு நவம்பர் நான்காம் வியாழன் என்று முடித்து வைத்தார்கள். வாக்கியப் பஞ்சாங்கமும் திருக்கணிதமும் முட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதெல்லாம் புதிதா?

யாழ்ப்பாண அக்கா அவரைத் தேற்றினார். “எங்களுக்கு அது ஒக்டோபரிலேயே முடிஞ்சுது ரீச்சர். கனடாவிலை குளிர் முந்தி வந்திடும், அறுப்பும் முந்தி. என்ரை மகள் வான்கோழியைக் கறித்தூள் போட்டுத்தான் காய்ச்சுவாள்.” கனடாவில் அக்டோபர் இரண்டாம் திங்கள் என்று நாடாளுமன்றம் 1957இல் முடிவு செய்ததாம். அண்டை நாடுகள், ஒரே மொழி, ஒரே பெயருள்ள பண்டிகை, நடுவே ஆறேழு வாரம். அன்று மத்தியானம் அமெரிக்கர் மாட வீதியில் பெரிய தேரின் வடத்தைத் தொட்டு இழுத்துவிட்டு, அன்னதானத்தில் எலுமிச்சை சாதமும் தயிர் சாதமும் நின்றபடியே சாப்பிட்டு வந்தார். விருந்து முடிந்தது என்றார். முகம் தெளிந்திருந்தது.

அதற்கு முந்தைய வருடம் அதே அறையில் இருந்தவர் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்க்காரர். எங்கள் சொக்கப்பனையைப் பார்த்து அசந்துபோனவர் அவர். பனைமரத்துண்டை நட்டு, காய்ந்த ஓலையைச் சுற்றிக் கட்டி, கோயில் முன்னால் கொளுத்தும்போது தீ நெடுக எழும் இல்லையா? எங்கள் நவம்பர் 5 இதுதான் என்றார். 1605இல் நாடாளுமன்றத்தை வெடி வைத்துத் தகர்க்கப் பார்த்துப் பிடிபட்ட கை ஃபாக்ஸின் பொம்மையை அன்று ஊருக்கு ஊர் எரிப்பார்கள். கை ஃபாக்ஸ் பிறந்தது யார்க் நகரில். அவர் படித்த பள்ளியில் மட்டும் இன்றுவரை அந்தப் பொம்மையை எரிப்பதில்லை என்று சொல்லிச் சிரித்தார். அந்த நெருப்பு இங்கிலீஷ்காரரோடு நியூசிலாந்துக்கும் போயிற்று. அங்கே நவம்பர் வசந்த காலம். இருட்டவே நேரமாகும் ஊரில் பிள்ளைகள் தூக்கத்தை அடக்கிக்கொண்டு வாணவேடிக்கைக்குக் காத்திருக்கிறார்கள்.

இவர்கள் கதையெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, அக்கா வாழைக்குற்றி கேட்கும்வரை.

தீபத்துக்கு முதல் நாள் வந்து, “ரீச்சர், ஒரு வாழைக்குற்றி எடுக்கலாமோ? நாளைக்கு விளக்கீடு எல்லோ” என்றார். எனக்குப் புரியவில்லை. நாளை தீபம் அக்கா என்றேன். அதைத்தான் சொல்லுறன் என்றார். யாழ்ப்பாணத்தில் அந்த நாளுக்குப் பெயரே கார்த்திகை விளக்கீடு. படலைக்கு முன்னால் இடுப்பளவு வாழைத்தண்டை நட்டு, மேலே தேங்காய்ப் பாதியிலோ சிட்டியிலோ எண்ணெய் விட்டுத் திரி போட்டு ஏற்றுவார்கள். சின்னத் தடிகளில் பழந்துணி சுற்றி எண்ணெயில் தோய்த்துப் பந்தமாக்கி, கிணற்றடி, மாட்டுக்கொட்டில், தோட்டத்து மூலை என்று வளவெங்கும் குத்தி வைப்பார்கள். கிணற்றுக்கும் மாட்டுக்கும்கூட அன்று வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்பது அக்காவின் அம்மா சொன்ன முறை.

வாழைத்தண்டுக்கு ஆள் அனுப்பினேன். அதை வாசலில் நட்டதும் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, “யாருக்குங்க கல்யாணம்?” என்றார்.

அன்று ராத்திரி தூங்கப் போனவள் பாதியில் எழுந்து அப்பாவின் பழைய தேவாரப் புத்தகத்தை எடுத்தேன். ‘விளக்கீடு’ என்ற சொல்லை எங்கோ பார்த்த ஞாபகம். ஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகத்தில் இருந்தது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று வருடத்தின் திருவிழாக்கள் அதில் வரிசையாக வரும். ஏழாம் நூற்றாண்டு மயிலாப்பூர் வழங்கிய பெயரை வடமராட்சியிலிருந்து டொராண்டோ போய்த் திரும்பிய ஒருவர் என் வீட்டு வாசலில் சாதாரணமாகச் சொல்கிறார். மலையே சொந்தமென்று மார்தட்டும் நாங்கள் அந்தச் சொல்லை எப்போதோ தொலைத்துவிட்டுத் ‘தீபம்’ என்கிறோம். எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அந்தப் பட்டியலில் தீபாவளி இல்லை என்பதையும் அன்றுதான் கவனித்தேன். தமிழனின் பழைய விளக்குத் திருவிழா கார்த்திகைதான். அகநானூற்றில் 141ஆம் பாட்டு, நக்கீரர் பாடியது. மழை ஓய்ந்த வானில் முழுநிலா கார்த்திகை மீன்கூட்டத்தோடு சேரும் நள்ளிரவில், தெருவெங்கும் விளக்கு வைத்து மாலை தொங்கவிட்டு ஊர் கொண்டாடுவதைச் சொல்கிறது. அதில் எங்கள் ஊர் தீபத்துக்குச் சொல்லும் அடி முடி தேடிய கதை இல்லை. சமணரான திருத்தக்கதேவர் எழுதிய சீவக சிந்தாமணியிலோ குன்றின் மேல் இட்ட கார்த்திகை விளக்கு உவமையாகவே வந்துவிடுகிறது. எந்தக் குன்று என்று அவர் சொல்லவில்லை. எங்கள் மலைதான் என்று எங்கள் ஊர்க்காரர் சத்தியம் செய்வார்கள், நான் செய்ய மாட்டேன்.

ஊருக்கு ஊர் இது எப்படியெல்லாம் மாறியிருக்கிறது! எங்கள் பக்கம் கார்த்திகை என்றால் பொரி உருண்டை, அடை, அப்பம். திருநெல்வேலிக்குப் போனால் பச்சைப் பனையோலைக்குள் மாவை வைத்துக் கட்டி அவித்த ஓலைக் கொழுக்கட்டை. கன்னியாகுமரியில் தெரளி இலையில் அவிப்பார்கள், அந்த இலையின் வாசம்தான் அதற்கு ருசி. கேரளத்தில் திருக்கார்த்திகை அம்மனுக்குரிய நாள். கோட்டயம் பக்கம் குமாரநல்லூர் பகவதி கோயிலில் அது பெருவிழா. அங்கேயும் வாழைத்தண்டில் விளக்கு உண்டு, அன்றைக்குச் சாப்பாடு அவித்த காய்ச்சில், சேம்பு போன்ற கிழங்குகள். வாழை விளக்கு யாழ்ப்பாணத்துக்கும் கேரளத்துக்கும் பொதுவாக இருக்க, நடுவில் கிடக்கும் எங்களுக்கு அது கல்யாண வாசலாகிவிட்டது.

தீபாவளியிலும் இதே கதைதான். எங்கள் பக்கம் அமாவாசையன்று நோன்பு. அதிரசம் இருபத்தொன்று, வெற்றிலை இருபத்தொன்று, பாக்கு இருபத்தொன்று என்று வைத்துப் படைத்து, கையில் நோன்புக் கயிறு கட்டிக்கொண்டால் ஒரே நாளில் முடிந்தது. அக்காவின் ஊரில் அதுவே கேதார கௌரி விரதம், இருபத்தொரு நாள், இருபத்தொரு இழைக் காப்பு. அதிரசத்தை எண்ணுகிற நாங்களும் நாளை எண்ணுகிற அவர்களும் எண்ணை மட்டும் விடவில்லை. அம்மன் சிவனில் பாதியைப் பெற்ற கதைதான் அந்த நோன்புக்கு அடிப்படை. அந்தப் பாதி உடம்போடுதான் அர்த்தநாரீசுவரர் தீபத்தன்று இங்கே வெளியே வருகிறார்.

மலேசியா, சிங்கப்பூர் போன தமிழரோடு கார்த்திகை ஏன் பெரிதாகப் போகவில்லை என்று என் ஓரகத்தியின் மகனைக் கேட்டேன். பினாங்கில் இருக்கிறான். அங்கே விளக்கு, பலகாரம், திறந்த இல்ல விருந்து எல்லாமே தீபாவளிக்குத்தான். சரவாக் நீங்கலாக நாடு முழுவதும் அன்று விடுமுறை. என் கணிப்பு இது: தோட்டத்துக்கு ஆள் பிடித்துப் போன இடத்தில் துரை விடுமுறை தருவது ஒரு பண்டிகைக்கு. இந்தியர் எல்லோருக்கும் பொதுவாக ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டுமென்றால் தீபாவளியைத்தான் கேட்க முடியும். கார்த்திகையின் விளக்கைத் தீபாவளியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

விடுமுறை என்றதும் என் பழைய மனக்குறை ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழ்நாட்டு அரசின் பொது விடுமுறைப் பட்டியலில் கார்த்திகை தீபம் இல்லை. எங்கள் மாவட்டத்துக்கு மட்டும் ஆட்சியர் உள்ளூர் விடுமுறை விடுவார், அதை ஒரு சனிக்கிழமை பள்ளி வைத்து ஈடுகட்ட வேண்டும். இலங்கையிலோ ஒவ்வொரு பௌர்ணமியும் போயா, அரசு விடுமுறை. விளக்கீட்டை ஒட்டிப் புத்தர் பெயரில் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி கிடையாது. ஆனால் அங்கே விளக்கேற்றுவது அத்தனை எளிதாகவும் இருக்கவில்லை. போரில் இறந்தவர்களுக்கு விளக்கேற்றும் மாவீரர் நாள் நவம்பர் 27. 2012இல் விளக்கீடும் அதே நாளில் விழுந்தது. எந்தச் சுடர் எதற்கு என்று சிப்பாய்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. தெரிந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். வாசலில் சிட்டி விளக்கு வைக்கவே வீடுகளில் பயந்தார்கள் என்று அக்கா சொன்னார். 2023இல் தீபம் நவம்பர் 26, ஞாயிறு. “நாளைக்கும் ஒரு விளக்கு வைப்பன் ரீச்சர், ஒண்டும் நினையாதையுங்கோ” என்றார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

தீபத்தன்று விடிகாலை நான்கு மணிக்குக் கோயிலில் பரணி தீபம். சாயங்காலத்துக்காக மலை உச்சியில் 2,668 அடி உயரத்தில் கொப்பரை தயார். 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடாத் துணித் திரி. ஏற்றுகிறவர்கள் பர்வதராஜ குலத்தார், பரம்பரை உரிமை அது. ஆறு மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் அர்த்தநாரீசுவரர் ஆடியபடி ஓடி வருவார். கொடிமரத்தடியில் தீபம் காட்டிய கணத்தில் உச்சியில் நெருப்பு தெரியும். பதினோரு நாள் எரியும். பிறகு அந்தக் கொப்பரையின் மையை ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்திவிட்டுத்தான் எங்களுக்குக் கொடுப்பார்கள்.

எங்கள் ஊர்ச் சட்டம் ஒன்றுதான்: மலையில் தெரிந்த பிறகுதான் வீட்டில் விளக்கு. அக்கா பொழுது சாயும்போதே வாழைத்தண்டின் முன்னால் தீப்பெட்டியோடு நின்றார். என் மாமியாருக்குத் தொண்ணூறு வயது. நாற்காலியில் இருந்தபடியே, “இரும்மா, மலையில ஏத்தட்டும். அவசரப்பட்டா எப்படி?” என்று அதட்டினார். டொராண்டோவில் சொந்த வீடும் பேரப்பிள்ளைகளும் உள்ள அக்கா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தீப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் அயர்லாந்து அம்மா, அமெரிக்கர். எல்லோரும் மலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

தெரு முழுக்க “அரோகரா” என்று கத்தியபோதுதான் உச்சியில் அந்தச் சின்னச் சிவப்பு எனக்கும் தெரிந்தது. அக்கா அழுதார். பிறகு எழுந்து விளக்கை ஏற்றிவிட்டுச் சொன்னார்: “எங்களுக்கு மலை இல்லை ரீச்சர். ஆரையும் பாத்துக்கொண்டு நிக்கிறேல்லை. பொழுதுபட்டால் அவரவர் படலையிலை அவரவர் கொளுத்துவினம்.” டொராண்டோ அடுக்குமாடியில் அதுவும் முடியாதாம். புகை பட்டால் எச்சரிக்கை மணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும். பொத்தானை அமுக்கினால் எரியும் பேட்டரி விளக்கு ஆறு வைத்திருக்கிறார்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில் மலைச்சரிவு பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் பிள்ளைகளும் உண்டு. பன்னிரண்டு நாள் கழித்து டிசம்பர் 13இல் தீபம். பக்தர்களை மலையேற விடவில்லை, கொப்பரையும் நெய்யும் கொண்டுபோகிறவர்கள் மட்டும் ஏறினார்கள். அன்று எங்கள் தெருவில் அரோகரா சத்தம் பாதிதான் கேட்டது. வாசலில் நான் வாழைத்தண்டு நட்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் இந்தமுறை ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் கிராமத்தில் அண்ணன்மார் ஆண் பனையின் பூவைக் காயவைத்து மூட்டம் போட்டுக் கரியாக்குவார்கள். அதைப் பொடித்துத் துணியில் சுருட்டி, பனைமட்டைச் சிம்புகளுக்கு நடுவே வைத்து இறுக்கி, கயிறு கட்டி, கனலேற்றித் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். பொறி வட்டமாகக் கொட்டும். ‘கார்த்தி சுத்தறது’ என்போம். கடலூர், தஞ்சைப் பக்கம் அதற்கு மாவலி என்று பெயர். உங்கள் ஊரில் அதற்கு வேறு பெயர் இருந்தால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள். புத்தகத்தைப் பார்க்க வேண்டாம், உங்கள் பாட்டி சொன்னது எப்படியோ அப்படியே எழுதுங்கள்.